ஹர்ரானுக்கு எட்டாத செய்தி

டூங்கபி, சிட்னி
9 பெப்ரவரி 2025

தங்கச்சி விமலாதேவிக்கு,

இந்த வீட்டில் நானும் கல்யாணியும் மூச்சோடு இருக்கிறோம். முழங்கால் மட்டும் என் சொல் கேட்பதில்லை. படி ஏறினால் உனக்கு இளைக்கிறது என்று நீ கல்யாணியிடம் போனில் சொன்னதை, கேட்காதவன்போல் இருந்து கேட்டேன். டொக்டரிடம் காட்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். உன்னோடு கதைப்பதில்லை என்ற முடிவில் மாற்றம் இல்லை. இது எழுத்து வேலை. நீ யாழ்ப்பாணத்தில் தமிழ் படிப்பித்தவள். நான் பத்தாம் வகுப்போடு சங்கக்கடை வேலைக்குப் போனவன். இங்கே வந்து கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நின்றவன். என் வசனத்தில் கை வைக்கத் தகுதி உள்ளவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். அதனால் அனுப்புகிறேன். வேறு அர்த்தம் எடுக்காதே.

நான் எழுதுவது சுல்தான் சலாஹுத்தீனின் வாழ்க்கை. எண்ணூறு வருடங்களுக்கு முன் எகிப்தையும் சிரியாவையும் ஆண்டவர், ஜெருசலேமைப் பிடித்தவர். தொழிற்சாலையில் என்னோடு ஒரே இயந்திரத்தில் நின்ற டமாஸ்கஸ்காரர் ஒருவர் சாப்பாட்டு நேரங்களில் இவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மிச்சத்தை பிளாக்டவுன் லைப்ரரியில் அகராதியை மடியில் வைத்துப் படித்தேன். இவர் பிறந்த அன்றிரவே தகப்பனைக் கோட்டையை விட்டு வெளியேற்றினார்களாம். கைக்குழந்தையோடு இரவோடு இரவாகக் குடும்பம் கிளம்பியது. அந்த இடத்திலேயே எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

போன கிழமை முதியோர் சங்கத்தில் ஒருவர், "ஏன் அண்ணை, எங்கட ராசாக்களிலை ஒருத்தரும் மிஞ்சேல்லையோ?" என்று கேட்டார். "அவையளுக்கு எழுத ஆள் இருக்கு. நான் எனக்குப் பிடிச்ச ஆளை எழுதுறன்" என்றேன். தேநீர் தராமல் போய்விட்டார்.

நீ மறந்திருப்பாய், ஆகவே இதையும் எழுதுகிறேன். ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அம்மா கொக்குவிலில் கண்ணை மூடினா. அப்போது ஹெலன்ஸ்பர்க் கோயிலில் என் மகள் ஹரிப்பிரியாவின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. செய்தி உனக்கு வந்தது. நீ எனக்குச் சொல்லவில்லை. தாலி ஏறி, பந்தி முடிந்து, கடைசி விருந்தாளியின் கார் வெளிக்கிட்ட பிறகு சொன்னாய். அதற்குள் மூத்தவன் நான் இருக்க, இளையவன் அந்தச் சிறிதரன் கொள்ளி வைத்துவிட்டான். ஒரு போன் எடுத்தானா? கொள்ளிக்காரன்.

முதல் இரண்டு அத்தியாயமும் உள்ளே இருக்கின்றன. சிவப்புப் பேனை பாவிக்காதே.

இவ்வளவுதான்.
அருந்தவன்


மல்கிரேவ், மெல்பேண்
20 பெப்ரவரி 2025

என்றும் அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் மச்சாளும் சுகமாக இருக்கிறீர்கள் என்பதை உங்கள் கையெழுத்திலேயே கண்டேன். கோபத்தில் பேனையை அழுத்தியிருக்கிறீர்கள். உடம்பில் பலம் இருக்கிறது.

டொக்டரிடம் காட்டினேன். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லையாம். ஸ்கான் எடுத்துவிட்டுச் சொல்வார்களாம். தர்ஷனா எனக்காக வேலைக்கு லீவு போட்டுவிட்டு என் பின்னாலேயே திரிகிறாள். நான் குளியலறைக்குள் இருமினாலும், "அம்மா, ஆர் யூ ஓகே?" என்று கதவைத் தட்டுகிறாள்.

அத்தியாயங்களைப் படித்தேன். பச்சைப் பேனையால் திருத்தியிருக்கிறேன். நன்றாக எழுதுகிறீர்கள் அண்ணா. ஆனால் கோபம் வருகிற இடத்தில் எல்லாம் ஒரே வசனம் அரைப் பக்கத்துக்குப் போகிறது. மூச்சு விட இடம் கொடுங்கள். எனக்கு வால்வு பழுது.

இன்னொன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. தம்பி சிறி ஞாயிறு தோறும் கொக்குவிலில் இருந்து எனக்குப் போன் எடுப்பவன். உங்கள் பக்கங்களைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் படித்துவிட்டான். "அக்கா, அண்ணை நல்லா எழுதுறார். ஆனா சண்டை கூடிப்போச்சு, சாப்பாடு காணாது. அந்த மனுசன் ஒருநாளாவது வயிறாறச் சாப்பிட்டதா அண்ணை எழுத மாட்டாரோ?" என்றான். பிறகு, "அண்ணை என்னைப் பற்றி ஏதும் கேட்டவரோ?" என்றும் கேட்டான். ஓம் என்றேன். நீங்கள் கேட்டதுதானே. கொள்ளிக்காரன் என்று.

ஒருமுறை இங்கே வந்துவிட்டுப் போங்கள். சோறு தின்ன வேண்டாம். வந்து என் முன்னால் இருந்து கோபித்துவிட்டுப் போங்கள்.

உங்கள் முகம் பார்க்க ஆசையோடு,
விமலா


டூங்கபி
16 மார்ச் 2025

தங்கச்சிக்கு,

என் முழங்கால் அப்படியே. உன் ஸ்கான் முடிவை எழுது. கல்யாணி வழியாக அல்ல, நேரே எழுது.

பச்சைப் பேனைத் திருத்தங்களில் பாதியை ஏற்றுக்கொண்டேன். என் பக்கங்களைச் சிறிக்கு அனுப்ப உனக்கு யார் அனுமதி தந்தது? அவனுக்குச் சாப்பாடு வேண்டுமாம். அம்மாவின் எட்டாம் நாள் செலவுக்கு என்ன படைத்தான் என்று எனக்கு ஒரு வரி எழுதினானா?

இத்துடன் ஹர்ரான் அத்தியாயம் வருகிறது. இதை எழுதும்போது இரண்டு தரம் எழும்பி நடந்தேன். சலாஹுத்தீன் போர்ப் பயணத்தில் கடும் காய்ச்சலில் விழுந்து ஹர்ரான் என்ற ஊரில் படுத்திருக்கிறார். பிழைப்பாரா என்று யாருக்கும் தெரியாது. மனைவி இஸ்மத்துத்தீன் காத்தூன் தூரத்தில், டமாஸ்கஸில். படுத்த படுக்கையில் இருந்து அவளுக்கு ஒவ்வொரு நாளும் நீண்ட கடிதம் எழுதுகிறார். தை மாதத்தில் அவள் இறந்துபோகிறாள். செய்தி ஹர்ரானுக்கு வருகிறது. சுற்றியிருந்தவர்கள் அவருக்குச் சொல்லவில்லை! சொன்னால் தாங்க மாட்டார் என்று மார்ச் மாதம் வரை மறைத்தார்கள்.

அத்தனை நாளும் ஒரு மனிதன் மண்ணுக்குள் போய்விட்ட மனைவியிடம் சுகம் கேட்டுக்கொண்டிருக்கிறான். கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு வெட்கம் இல்லையா? உயிரைக் காப்பாற்றினார்களாம். அவருடைய துக்கத்தைத் திருடினார்கள் என்றுதான் நான் எழுதியிருக்கிறேன். இந்த வசனத்தை நீ வெட்டக் கூடாது.

ஹரிப்பிரியாவின் கல்யாண அல்பம் மேல் தட்டில் இருக்கிறது. அதில் நான் மாலையோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அன்று அம்மா சாம்பலாகிவிட்டா. பன்னிரண்டு வருடமாக அந்த அல்பத்தை இந்த வீட்டில் யாரும் திறப்பதில்லை.

அருந்தவன்


மல்கிரேவ்
2 ஏப்ரல் 2025

அன்பான அண்ணாவுக்கு,

உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் பூசச் சொல்லி மச்சாளிடம் சொல்லியிருக்கிறேன். மாட்டேன் என்று சொல்லாமல் காலை நீட்டுங்கள்.

ஸ்கான் முடிவு வந்தது. நெஞ்சைத் திறந்து வால்வு மாற்ற வேண்டும். திகதி இன்னும் தரவில்லை. எழுபது வயதில் இது வழமையான சத்திரசிகிச்சைதான் என்று சொல்கிறார்கள். சொல்கிறவர்களின் நெஞ்சு இல்லையே.

அந்த வசனத்தை நான் வெட்டவில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அண்ணா, சுல்தானைப் பற்றி நாலு பக்கம் எழுதினீர்கள். அவரைச் சுற்றி நின்றவர்களைப் பற்றி நாலு வரிகூட இல்லை. காலையில் அவருடைய கடிதத்தை வாங்கி, "அனுப்பிவிடுகிறோம்" என்று சொல்லி, வெளியே வந்து மூச்சு விட்டுவிட்டு, மறுபடி முகத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனவர்கள். அவர்களில் ஒருவருக்காவது அந்த அம்மாவைத் தெரிந்திருக்காதா? அவர்கள் எங்கே போய் அழுதார்கள்?

ஐயரிடம் கேட்டுத்தான் செய்தேன். செய்தி கேட்ட நாளில் இருந்துதான் சாவுத் துடக்கு, கேளாதவருக்குத் துடக்கில்லை, கல்யாணத்தை நடத்துங்கோ என்றார். உங்களுக்குச் சொல்லியிருந்தால் மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு விமான நிலையத்துக்குப் போயிருப்பீர்கள். மணவறைக்கு வர இருந்த பிள்ளை என்ன செய்திருக்கும்? மச்சாளுக்கும் தெரியும், மாப்பிள்ளைக்கும் தெரியும். மச்சாளோடு மூன்றாம் நாளே கதைத்துவிட்டீர்கள், அவதானே சோறு போட வேண்டும். நான் மெல்பேணில் இருக்கிறபடியால் பன்னிரண்டு வருடம்.

அன்று நான் ஆரத்தி எடுத்தேன். பந்தியில் அப்பளம் வைத்தேன். "ஏன் அன்ரி, கண் சிவந்திருக்கு?" என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு, வெங்காயம் உரித்தேன் என்றேன். அவ எனக்கும் அம்மா. நான் அழாமல் நின்ற அந்த இரண்டு நாளைப் பற்றி நீங்கள் ஒரு கடிதத்திலும் கேட்டதில்லை.

சிறி இந்த அத்தியாயத்தையும் படித்துவிட்டான். பிறகு, "அண்ணையின்ரை குரல் இப்ப எப்பிடி அக்கா? அப்பாவின்ரை குரல் மாதிரி வந்திட்டுதோ?" என்றான். தெரியாது என்றேன். எனக்கும் தெரியாதுதானே.

தங்கை,
விமலா


டூங்கபி
27 ஏப்ரல் 2025

தங்கச்சிக்கு,

நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள் என்றதும் கல்யாணி கோயிலுக்கு நேர்ந்துவிட்டாள். நான் நேரவில்லை. லைப்ரரியில் அந்த வால்வைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்துப் படித்தேன். நீ பயப்படாதே.

உன் கேள்விக்குறியைப் பார்த்தேன். அதை அழிக்கவில்லை, ஏற்கவும் இல்லை. கேட்ட நாளில் இருந்து துடக்கு என்கிறாய். நான் கேட்டால்தான் அம்மா சாகிறாவா? ஐயருக்கு ஒரு கணக்கு இருக்கலாம். பிள்ளைக்கு அது இல்லை. நான் என் வீட்டில் ஒரு விதி வைத்திருக்கிறேன்: சாவுச் செய்தி வந்தால் வந்த நேரத்திலேயே உரியவருக்குப் போக வேண்டும். அவர் மணவறையில் இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாலும் சரி. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

ஒருமுறை வந்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தாய். வந்தால் உன் வீட்டுக் கதிரையில் இருக்க வேண்டும், உன் கையால் தண்ணீர் வாங்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லிப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கொள்ளிக்காரனிடம் சொல், சாப்பாடு போட்டிருக்கிறேன். எதிரி அரசனான ரிச்சர்டுக்குக் காய்ச்சல் வந்தபோது சலாஹுத்தீன் பழங்களும் மலையில் இருந்து பனியும் அனுப்பினார். மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். இதுவும் காணாது என்றால் அவன் தன் வீட்டுக் குசினியில் போய்த் தேடட்டும். என் குரலைப் பற்றிக் கேட்க அவன் யார்? கேட்க வேண்டிய அன்று கேட்டானா?

திகதி தெரிந்தால் உடனே எழுது.

அருந்தவன்


மல்கிரேவ்
14 மே 2025

மதிப்புக்குரிய அருந்தவன் மாமாவுக்கு,

தர்ஷனா எழுதுகிறேன். என் தமிழில் பிழை இருந்தால் மன்னியுங்கள். நீங்கள் எங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் எக்ஸ்பிரஸ் தபாலில் அனுப்புகிறேன்.

சிறி மாமாவின் செய்தி நேற்றே மாமிக்கு வந்திருக்கும். காலையில் கிணற்றடியில் விழுந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம். நாளைக்கு எடுக்கிறார்கள். மகன்மார் பக்கத்தில் நிற்கிறார்கள்.

அம்மாவுக்குச் சொல்லவில்லை மாமா. ஜூன் நாலாம் திகதி சத்திரசிகிச்சை. அதுவரை எந்த அதிர்ச்சியும் இருக்கக் கூடாது என்று டொக்டர் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் வராது, ஆகவே சிறி மாமாவின் போன் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். அம்மா, "அவன் எப்பவும் அப்பிடித்தான், விசரன்" என்று சிரித்தா. நான் காருக்குள் போய் இருந்துவிட்டு வந்தேன்.

உங்களிடம் இதைக் கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் தகுதி இல்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன். அம்மாவுக்கு எழுதாதீர்கள். நாலாம் திகதி முடியட்டும்.

உங்கள் மருமகள்,
தர்ஷனா


டூங்கபி
17 மே 2025

மருமகள் தர்ஷனாவுக்கு,

உன் தமிழில் பிழை இல்லை. கேட்ட காரியத்தில்தான் பிழை.

மாட்டேன். உன் அம்மா எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்ய மாட்டேன். அவளுடைய தம்பி. தூக்கி வளர்த்த தம்பி. அவனுக்காக அவள் முழுக வேண்டாமா? ஒரு விளக்கு வைக்க வேண்டாமா? அவள் சிரித்துக்கொண்டு மாத்திரை போடுகிறாள், அவன் கோம்பயன்மணல் சுடலையில் எரிந்து முடிந்துவிட்டான். இதைத்தான் நான் பன்னிரண்டு வருடமாகப் பாவம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று எனக்கு வசதி என்று மாற்றிச் சொல்ல முடியாது.

சிறியின் மனைவி எடுத்தபோது மாமி போனை என்னிடம் நீட்டினாள். எனக்குக் கை வரவில்லை. போன் மேசையில் கிடந்தது. அந்தப் பிள்ளை அதற்குள் அழுதுகொண்டே இருந்தாள். "அண்ணை இருக்கிறாரோ? அண்ணை கேக்கிறாரோ?" என்று கேட்டாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

திங்கட்கிழமை உன் அம்மாவுக்கு எழுதித் தபாலில் போடுவேன். கடிதம் வருகிற நாட்களில் நீ வேலைக்குப் போகாமல் வீட்டில் நில். அவள் பிரிக்கும்போது பக்கத்தில் இரு. அதற்காகத்தான் உனக்கு முதலில் எழுதுகிறேன்.

மாமா


டூங்கபி
19 மே 2025

அன்புள்ள தங்கச்சி விமலாவுக்கு,

நாங்கள் சுகம். நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? இரவில் படுக்க முடிகிறதா? தலையணையை உயர்த்தி வைத்துப் படு. டொக்டர் சொல்வதைக் கேள், தர்ஷனா சொல்வதையும் கேள். நல்ல பிள்ளை.

ஜெருசலேம் அத்தியாயத்தை முடித்துவிட்டேன். உன் திருத்தங்கள் எல்லாம் சரி. கோபம் வருகிற இடத்தில் என் வசனம் நீளுகிறது என்று நீ சொன்னதும் சரி. இதில் எல்லாவற்றையும் சிறிதாக வெட்டியிருக்கிறேன்.

நகரம் சரணடைந்தபோது பழிவாங்கும் படுகொலை நடக்கவில்லை. மீட்புப் பணம் கட்டியவர்களைத் தங்கள் சாமான்களோடு போக விட்டார். முஸ்லிம் சனத்தை வெறுங்கையோடு வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இருந்தவனுக்கு அந்த வரியை இலேசாகக் கடந்து போக முடியாது. ஆனால் பணம் கட்ட முடியாத ஆயிரக்கணக்கானவர்கள் அடிமைகளாகிப் போனார்கள். அதையும் எழுதியிருக்கிறேன். என் நாயகன் என்பதற்காக அதை மறைத்தால் நான் எழுதுவது வரலாறு இல்லை.

அப்போது அவருடைய தம்பி ஆதில் முன்னால் வந்து, எனக்கு ஆயிரம் பேரைத் தாருங்கள் என்று கேட்கிறான். எதற்கு என்று அண்ணன் கேட்கிறார். விடுதலை செய்வதற்கு என்கிறான் தம்பி. அண்ணன் கொடுக்கிறார். தம்பி அவர்களை விட்டுவிடுகிறான். தம்பி என்றால்

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. உங்கள் பக்கம் இன்னும் கூட இருக்கும். காலுக்கு மேஸ் போடு. கல்யாணி உனக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்புகிறாள்.

வேறு விசேஷம் இல்லை.

உன் அண்ணன்,
அருந்தவன்


மல்கிரேவ்
25 மே 2025

என் அண்ணாவுக்கு,

கம்பளிச் சட்டை அளவாக இருக்கிறது. மச்சாளுக்குச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். ஒரு ஏச்சு இல்லை. அம்மாவின் பேச்சு இல்லை. அல்பம் இல்லை. நான் திருத்தியது எல்லாம் சரியாம். சிறியைத் திட்டாமல் நீங்கள் எழுதிய முதல் கடிதம் இது. தம்பி ஆதிலைப் பற்றி எழுதத் தொடங்கி, வசனத்தை முடிக்காமலே குளிருக்குப் போய்விட்டீர்கள்.

போன் தண்ணீருக்குள் விழுந்தது என்று தர்ஷனா சொன்னபோது நம்பினேன். ஞாயிறு போன் இல்லாமலே போனது. யாருடைய போனிலாவது எடுத்திருப்பானே என்று நினைத்தேன். ஆனாலும் நம்பினேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு நம்ப முடியவில்லை.

அண்ணா, அவன் எப்போது போனவன்?

தர்ஷனாவிடம் நான் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை என்னைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு மெலிந்து போகிறாள். தெரியும் என்று சொன்னால் அவள் பட்டபாடு வீணாகிவிடும், என் நெஞ்சுக்கு என்ன ஆகுமோ என்று நித்திரையும் கொள்ள மாட்டாள். தலை கடிக்கிறது என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை முழுகினேன். "குளிருக்கை ஏனம்மா?" என்று ஏசிவிட்டு அவளே தலை துவட்டிவிட்டாள். சுவாமித் தட்டில் ஒரு விளக்கு கூட வைத்தேன். ஒபரேஷனுக்காக என்று நினைத்துக்கொண்டாள்.

நீங்கள் மறைத்ததற்காக நான் கோபிக்கவில்லை. கோபிக்க எனக்கு வாயும் இல்லை. நீங்கள் எப்படி அந்தக் கடிதத்தை எழுதியிருப்பீர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த முடியாத வசனத்தில் விரலை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன்.

ஒன்றுதான் முடியவில்லை. இந்த வீட்டில் எனக்கு அழ இடம் இல்லை அண்ணா. குளியலறையில் இருமினாலே கதவு தட்டுப்படுகிறது. அம்மாவுக்கு அழாமல் நின்றேன், அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இப்போது நெஞ்சுக்குள் இதை வைத்துக்கொண்டு அந்தக் கட்டிலில் போய்ப் படுக்கப் பயமாக இருக்கிறது. அவனைத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். அவனைச் சின்னனில் தெரிந்தவர் இந்த நாட்டில் நீங்கள் மட்டும்தான்.

விமலா


டூங்கபி
27 மே 2025

விமலாவுக்கு,

பதின்மூன்றாம் திகதி காலை. கிணற்றடியில். கனநேரம் கஷ்டப்படவில்லையாம்.

உனக்கு உண்மையை எழுதத்தான் இருந்தேன். தர்ஷனாவுக்கும் அப்படித்தான் சொன்னேன். முதல் வரி எழுதினேன்: நம் தம்பி சிறி என்று. அதற்கு மேல் பேனை போகவில்லை. நீ அதைப் படிக்கிற முகம் முன்னால் வந்து நின்றது. கிழித்தேன். பிறகு ஜெருசலேமைப் பற்றி எழுதினேன்.

இதனால் நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுக்காதே. அம்மாவின் விஷயம் அம்மாவின் விஷயம்தான். அது முடியவில்லை. ஆனால் ஹர்ரான் அத்தியாயத்தில் அந்த வசனத்தை வெட்டிவிட்டேன். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை ரெயினில் வருகிறேன். கல்யாணி விமானத்தில் போகச் சொல்கிறாள். எனக்கு அவ்வளவு விரைவாக வர இயலாது. மாலை சதர்ன் குரொஸ் ஸ்டேஷனில் தர்ஷனாவை வந்து நிற்கச் சொல். ஏன் திடீரென்று வருகிறார் என்று கேட்பாள். கடைசி அத்தியாயத்தில் உனக்கும் எனக்கும் தகராறு, கடிதத்தில் தீராது என்று சொல். நம்புவாள்.

கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டேன். சலாஹுத்தீனுக்கு மக்கா போக வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் ஆசை. போர் விடவில்லை. சமாதானம் ஆன வருடமும் போகக் கிடைக்கவில்லை. அடுத்த மாரியில், போய்த் திரும்பிய யாத்திரிகர்கள் டமாஸ்கஸுக்கு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மழைக்குள் குதிரையில் அவர்களை எதிர்கொள்ளப் போனார். எப்போதும் போடுகிற தடித்த அங்கியை அன்று போடவில்லை. தான் போகாத இடத்துக்குப் போய் வந்தவர்களின் முகத்தைப் பார்த்து அழுதார். அன்றிரவே காய்ச்சல். பிறகு எழும்பவில்லை.

சனிக்கிழமை உன் வீட்டு ஹோலில் இருந்து இதை உரத்து வாசிப்பேன். நீ பக்கத்தில் இரு. வாசிக்கும்போது அழு. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அழு. நான் நிறுத்த மாட்டேன். தர்ஷனா ஓடி வந்து என்ன என்று கேட்டால், அரசர் இறந்துவிட்டார் என்று சொல்லலாம். அது பொய்யில்லை.

அண்ணன்


மெல்பேண்
13 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா நேற்று நாலு எட்டு நடந்தா. தையல் நன்றாகக் காய்கிறது என்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்குப் பழைய வால்வோடையே இருந்திருக்கலாம்" என்றா. நேர்ஸ் என்ன என்று கேட்டா. வெரி நைஸ் சூப் என்று நான் மொழிபெயர்த்தேன். நீங்களும் மாமியும் கவலையை விடுங்கள்.

இனிச் சொல்லலாம் என்று டொக்டர் சொன்னதால், இன்று காலை கட்டில் ஓரத்தில் இருந்து சிறி மாமாவின் செய்தியைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்தா. பிறகு என் கையைப் பிடித்து, "இவ்வளவு நாளும் தனிய வைச்சிருந்தனியோ பிள்ளை?" என்று கேட்டா. அழவில்லை. நான்தான் அழுதேன். அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தா, அப்போதுதான் அறிந்தவர்போல.

மாமா, நான் அம்மாவிடம் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன். அந்தச் சனிக்கிழமை நீங்கள் வாசித்தபோது நான் குசினியில் கோப்பி போட்டுக்கொண்டு நின்றேன். அரசர் மழைக்குள் போனார் என்று வாசித்தீர்கள். அம்மா விம்மத் தொடங்கினா. காய்ச்சல் வந்தது என்று வாசித்தீர்கள். அப்போது அம்மா, "ஐயோ, என்னட்டைச் சொல்லாமல் போட்டியேடா" என்று பெரிதாகக் கத்தினா. நான் தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். கதவடியில் நின்றுவிட்டேன்.

அம்மாவின் தலை உங்கள் தோளில் இருந்தது. உங்கள் கண்ணில் இருந்து தண்ணீர் தாளில் விழுந்துகொண்டிருந்தது. நீங்கள் நிறுத்தவில்லை. அம்மா கத்தக் கத்த நீங்களும் குரலை உயர்த்தினீர்கள். அம்மாவின் சத்தம் எனக்குக் கேட்கக் கூடாது என்று, அந்த அரசரின் சாவை நீங்கள் கத்திக் கத்தி வாசித்தீர்கள்.

நான் உள்ளே வரவில்லை மாமா. திரும்பிக் குசினிக்குப் போய், தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு நின்றேன்.

உங்கள்,
தர்ஷனா